கொழும்பில் வெடிக்கும் துவக்குகள் எங்கே தடம் மாறுகின்றன?

2025 பெப்ரவரி 19ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதவான் நீதிமன்ற அறைக்குள் பாதாள உலகக் கும்பல் தலைவர் கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சிறைச்சாலையிலிருந்து பலத்த காவலோடு அழைத்து வரப்பட்டவர். சுட்டவர் சட்டத்தரணி உடையில் வந்திருந்தார். சட்டப் புத்தகம் ஒன்றின் பக்கங்களை நடுவில் வெட்டியெடுத்து, அந்தக் குழிக்குள் ரிவோல்வரை வைத்து ஒரு பெண் உள்ளே கொண்டுவந்தார் என்று பொலிஸ் சொன்னது. அந்தப் பெண் ஒக்டோபரில் நேபாளத்தில் பிடிபட்டார்.

பிறகு வாரக்கணக்கில் நடந்த பேச்செல்லாம் நீதிமன்ற வாசலைப் பற்றியது. சட்டத்தரணிகளின் பைகளைச் சோதிக்கலாமா, வாசலில் ஸ்கேனர் வைப்பதா, சிறைக் கைதிகளைக் காணொளி வழியாக ஆஜர்படுத்துவதா என்று தொலைக்காட்சிகளில் வாதம் நடந்தது. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அந்த ரிவோல்வர் எந்த நாட்டில் செய்யப்பட்டது, முதலில் யார் பெயரில் இருந்தது, எந்த வருடம் அந்தப் பெயரை விட்டுப் போனது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அதே மாதம் கொட்டாஞ்சேனையில் ஒருவர் சுடப்பட்டார். அடுத்தடுத்து மற்ற இடங்களிலும் வேட்டுச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு முறையும் சுட்டவரின் பெயரும் சுடப்பட்டவரின் பெயரும் அவர்களது கும்பலின் பெயரும் செய்தியாகின்றன. துவக்கைப் பற்றி ‘ரி-56 ரகம்’ அல்லது ‘9 மில்லிமீற்றர் ரகம்’ என்ற ஒரு சொல்லோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஆயுதக் கடத்தலைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் தொடங்க வேண்டிய இடத்தில் நம் செய்திகள் நின்றுவிடுகின்றன.

போதைப்பொருளையும் ஆயுதத்தையும் ஒரே மூச்சில் பேசுவது நமக்குப் பழகிவிட்டது. இரண்டும் ஒரே படகில் வருவதும் உண்மை. ஆனாலும் அடிப்படையில் இரண்டும் வேறு வேறு சரக்குகள். ஹெரோயினுக்குத் தோட்டத்திலிருந்து மட்டக்குளி ஒழுங்கையில் கைமாறும் பொட்டலம் வரை ஒரு கணத்திலும் சட்டபூர்வமான உரிமையாளர் கிடையாது. துவக்கு அப்படியல்ல. கள்ளச் சந்தையில் புழங்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அனுமதி பெற்ற தொழிற்சாலையில், அரசாங்கம் அறிய, இலக்கம் பொறிக்கப்பட்டு, பற்றுச்சீட்டுப் போட்டு விற்கப்பட்டவை. காணிக்கு உறுதி இருப்பதுபோல அவற்றுக்கும் காகிதம் இருந்தது. எங்கோ ஓர் இடத்தில் துவக்கு ஒரு பக்கமாகவும் காகிதம் இன்னொரு பக்கமாகவும் பிரிந்துவிடுகின்றன. அந்த இடம் ஒரு இராணுவக் களஞ்சியமாக இருக்கலாம், ஒரு அமைச்சின் மேசையாக இருக்கலாம், நடுக்கடலில் நிற்கும் கப்பலாக இருக்கலாம். எல்லையைத் தாண்டுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு நடக்கும் காரியம்.

நம் ஊர்ப் பட்டறைகளில் இரும்புக் குழாயை வைத்துச் செய்யும் கல்கட்டஸ், காட்டுப்பன்றிக்குக் கட்டும் கட்டுத்துவக்கு, அண்மைக் காலத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்யப்படும் துப்பாக்கிகள் ஆகியவை இந்த விதிக்கு விலக்கு. கொழும்பின் கூலிக் கொலைகளில் அதிகம் பேசப்படுபவை அவையல்ல.

சின்னரக ஆயுதங்களைக் கணக்கெடுக்கும் ஜெனீவா ஆய்வு நிறுவனமான ‘ஸ்மோல் ஆர்ம்ஸ் சர்வே’, 2017 இறுதியில் உலகில் 100 கோடிக்கும் அதிகமான துப்பாக்கிகள் இருந்ததாக மதிப்பிட்டது. அவற்றில் சுமார் 85.7 கோடி பொதுமக்களிடமும், 13.3 கோடி படைகளிடமும், 2.3 கோடி பொலிஸாரிடமும் இருந்தன. இன்னொரு விடயமும் இருக்கிறது. ஹெரோயின் புகைத்தால் தீர்ந்துவிடும். துப்பாக்கி தீராது. எண்ணெய் பூசி, சீலையில் சுற்றி, பொலித்தீனில் கட்டிப் புதைத்து வைத்தால் 30 வருடம் கழித்தும் சுடும். ஒரு போர் முடிந்ததும் அதன் துவக்குகள் அடுத்த சண்டையைத் தேடிப் போவதற்கு இதுவே காரணம். அல்பேனியாவில் 1997இல் நிதி நிறுவன மோசடிகளால் அரசாங்கம் ஆட்டம்கண்டபோது மக்கள் இராணுவக் களஞ்சியங்களை உடைத்து ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளை அள்ளிப் போனார்கள். அவற்றில் ஒரு பகுதி பக்கத்துக் கொசோவோவின் போருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் துப்பாக்கிகளில் ஒன்றைக்கூடக் கடத்தல்காரர் எவரும் தயாரிக்கவில்லை.

நம்முடைய ரி-56ஐ எடுத்துக்கொள்வோம். சோவியத் ஏகே-47ஐப் பின்பற்றிச் சீனா 1956 முதல் தயாரித்த ரகம் இது. இலங்கைப் படைகள் பல தசாப்தங்களாகக் கையில் வைத்திருப்பது. இந்தத் தீவுக்குள் இருக்கும் ரி-56களில் பெரும்பகுதி துறைமுகத்தில் இறக்கி, கையெழுத்து வைத்து, களஞ்சியத்தில் அடுக்கப்பட்ட அரச சொத்து. இராணுவத்தின் 70க்கும் மேற்பட்ட ரி-56கள் பாதாள உலகக் கும்பல்களின் கைக்குப் போயிருப்பதாக 2025இல் அரசாங்கமே சொன்னது. அதே காலத்தில் படையிலிருந்து தப்பியோடியவர்களைக் கைது செய்யும் நடவடிக்கையும் தீவிரப்படுத்தப்பட்டது. கூலிக்குச் சுடுகிறவர்களில் அவர்கள் இருப்பது இரகசியமல்ல. எந்த எல்லையையும் தாண்டாத துவக்கைப் பற்றி எல்லை தாண்டிய கடத்தல் கட்டுரையில் ஏன் பேசுகிறேன் என்று கேட்கலாம். அந்தத் துவக்கைச் சுடச் சொல்லும் கட்டளை வெளிநாட்டிலிருந்து வருகிறது. கட்டளை இடுபவர்கள் டுபாயிலும் இந்தோனேசியாவிலும் பிடிபட்டதைப் பார்த்திருக்கிறோம். சுடுவதற்கான கூலி, வங்கிக்கு வெளியே நடக்கும் உண்டியல் பணப் பரிமாற்றம் வழியாகக் கைமாறுகிறது. எல்லை தாண்டுவதில் ஆயுதம் ஒரு பகுதி மட்டுமே.

90களிலும் 2000களிலும் கொழும்பில் வாழ்ந்த தமிழருக்கு ஆயுதத் தேடுதல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடையாள அட்டையோடு பொலிஸ் பதிவுத் துண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தோம். சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையில் நின்றோம். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் வீட்டிலுள்ள எல்லோருடைய அட்டைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தார்கள் அம்மாமார். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வைத்தியசாலைக்கு வந்தவர்களும் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்களும்தான் அந்த லொட்ஜுகளில் பெரும்பாலும் இருப்பார்கள்.

அந்த வருடங்களில் பெருந்தொகை ஆயுதங்கள் எந்த வழியில் போயின என்று பார்த்தால், வெள்ளவத்தை லொட்ஜுக்கும் அதற்கும் வெகு தூரம்.

1997இல் இலங்கை இராணுவம் சிம்பாப்வே அரசுக்குச் சொந்தமான ஆயுதத் தொழிற்சாலையிடம் 32,400 மோட்டார் எறிகணைகள் வாங்கியது. 81 மில்லிமீற்றர் ரகம். சிம்பாப்வேக்குக் கடற்கரை கிடையாது. ஆகவே சரக்கு மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்துக்குத் தரைவழியாகக் கொண்டுவரப்பட்டு ‘ஸ்டில்லஸ் லிமசோல்’ என்ற கப்பலில் ஏற்றப்பட்டது. ஒப்பந்தம் சரி, ஏற்றுமதி அனுமதி சரி, துறைமுக ஆவணங்கள் சரி. கப்பல் மட்டும் கொழும்புக்கு வரவில்லை. நடுவில் இருந்த தரகு ஏற்பாட்டின் வழியாகப் புலிகளின் கப்பல் வலையமைப்பு அந்த வேலையைத் தன் கைக்குள் எடுத்திருந்தது. கொழும்பில் அதிகாரிகள் சரக்குக்காகக் காத்திருந்தபோது அது முல்லைத்தீவுப் பக்கக் கடலில் இறக்கப்பட்டு முடிந்திருந்தது என்றே பின்னர் எழுதப்பட்டது. அரச பணத்தில் வாங்கிய எறிகணைகள் அரச படைகளை நோக்கியே திரும்பின.

இந்தச் சம்பவத்தைப் பலர் புலிகளின் சாமர்த்தியக் கதையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. மோட்டார் எறிகணை எங்கே விழும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாத ஆயுதம். யார் பக்கமிருந்து ஏவப்பட்டாலும் அந்த வருடங்களில் அவை விழுந்த வயலும் வீடும் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் வன்னியிலும் கிழக்கிலும் இருந்தவை. அதற்கான பணத்தில் ஒரு பகுதி புலம்பெயர்ந்த நம் உறவினர்களின் வீடுகளில், சில நேரம் விரும்பியும் சில நேரம் பயந்தும் கொடுக்கப்பட்டது. அதையும் நாம் மறைக்காமல் பேச வேண்டும்.

அதற்கு முன், 1994இல் உக்ரைனின் ரூபிஷ்னே இரசாயனத் தொழிற்சாலையிலிருந்து 50 தொன் டிஎன்டியும் 10 தொன் ஆர்டிஎக்ஸும் வாங்கப்பட்டன. வாங்குவது பங்களாதேஷ் பாதுகாப்புத் துறை என்று காட்டும் சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்தது. வெடிமருந்து போனது பங்களாதேஷுக்கல்ல. 1996 ஜனவரி 31ஆம் திகதி கோட்டையில் மத்திய வங்கி வாசலில் லொறி வெடித்தபோது 91 பேர் இறந்தார்கள், 1,400 பேரளவில் காயமடைந்தார்கள். கண்ணாடித் துண்டுகளால் பார்வை இழந்தவர்கள் பலர். அந்த லொறியில் இருந்தது உக்ரைன் சரக்கின் ஒரு பகுதி என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு சம்பவங்களின் நடுவிலும் இருப்பது காகிதம். ஒன்றில் உண்மையான காகிதம் தவறான கப்பலுக்குப் போனது, மற்றதில் பொய்க் காகிதம் உண்மையான சரக்கை எடுத்தது. இறுதிப் பயனாளர் சான்றிதழ் என்பது வாங்கும் அரசாங்கம் விற்கும் நாட்டுக்குக் கொடுக்கும் வாக்குறுதி. இந்த ஆயுதம் எங்கள் படைக்குத்தான், வேறு யாருக்கும் விற்க மாட்டோம் என்று அமைச்சின் கடிதத் தலைப்பில், முத்திரையோடு எழுதியிருக்கும். விற்கும் நாட்டின் அதிகாரி அதைப் பார்த்துத்தான் ஏற்றுமதி அனுமதி கொடுக்கிறார். அந்தக் கையெழுத்து மெய்யானதா என்று வாங்கும் நாட்டுத் தலைநகரத்துக்குத் தொலைபேசியில் கேட்க வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்ததா என்று ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும். பல நாடுகள் முதலாவதை அரைகுறையாகச் செய்கின்றன, இரண்டாவதைச் செய்வதே இல்லை. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு படிவமோ, எந்தச் சான்றிதழ் உண்மை என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு பதிவேடோ கிடையாது. இலஞ்சம் வாங்கும் ஓர் அதிகாரி வெற்றுச் சான்றிதழில் முத்திரை குத்திக் கொடுத்தால், அந்த ஒரு தாள் ஒரு கப்பல் நிறைய ஆயுதத்துக்கு வழி திறந்துவிடும்.

கனரக ஆயுதங்களில் இன்னொரு வழியும் இருந்தது. புலிகளிடம் இருந்த 122 மில்லிமீற்றர் பீரங்கிகள் 1996 ஜூலையில் முல்லைத்தீவு இராணுவ முகாம் வீழ்ந்தபோது அங்கிருந்தே எடுக்கப்பட்டவை. 2000இல் ஆனையிறவிலும் அதுவே நடந்தது. தெற்கில் ஜேவிபியும் 1987இல் பல்லேகலை முகாமைத் தாக்கித் துப்பாக்கிகளை எடுத்துப் போனது. கைப்பற்றுவது, திருடுவது, விலைக்கு வாங்குவது, பொய்ச் சான்றிதழில் எடுப்பது என்று வழிகள் எத்தனை இருந்தாலும் தொடக்கம் அரச களஞ்சியம்தான்.

அயலில் இதைவிடத் தெளிவான உதாரணம் பங்களாதேஷின் சிட்டகொங் துறைமுக நகரம். 2004 ஏப்ரல் 1ஆம் திகதி இரவு, அரசுக்குச் சொந்தமான யூரியா உரத் தொழிற்சாலையின் இறங்குதுறையில் பத்து லொறிகளில் ஏற்றிக்கொண்டிருந்த சரக்கைப் பொலிஸ் பிடித்தது. சுமார் 4,900 துப்பாக்கிகள், 27,000 கைக்குண்டுகள், 840 ரொக்கெட்டுகள், 11 இலட்சத்துக்கும் அதிகமான ரவைகள். இந்தியாவின் அசாமில் ஆயுதமேந்திப் போராடிய உல்ஃபா இயக்கத்துக்குப் போக இருந்தவை. இவ்வளவும் கரையேறியது ஆளில்லாத கடற்கரையில் அல்ல, அரச நிறுவனத்தின் இறங்குதுறையில். 2014இல் முன்னாள் அமைச்சர்கள் இருவரும் உளவுத்துறைத் தலைமை அதிகாரிகளும் உட்பட 14 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆட்சி மாறிய பிறகு, 2024 டிசம்பரில், மேல்முறையீட்டில் அவர்களில் சிலர் விடுவிக்கப்பட்டார்கள். தீர்ப்புகள் அரசியலோடு சேர்ந்து மாறலாம். சரக்கு இறங்கிய இடம் மாறாது.

இனி கடலுக்கு வருவோம். இன்று கொழும்பைச் சுற்றிய ஆயுத வரவில் கடல் வழி பெரிதும் போதைப்பொருளோடு பின்னிப் பிணைந்தது. 2020 நவம்பரில் தூத்துக்குடிக்கு அப்பால் இந்தியக் கரையோரக் காவற்படை நீர்கொழும்புப் பக்கமிருந்து போன மீன்பிடிப் படகொன்றை மறித்தது. அதில் 100 கிலோ ஹெரோயினோடு 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கிகள் ஐந்தும் செய்மதித் தொலைபேசியும் இருந்தன. 2021 மார்ச்சில் ‘ரவிஹன்சி’ என்ற இலங்கைப் படகில் 300 கிலோ ஹெரோயினும் ஐந்து ஏகே-47களும் 1,000 ரவைகளும் அகப்பட்டன. பாகிஸ்தான், ஈரான் பக்க மக்ரான் கரையிலிருந்து புறப்படும் பாய்மர வள்ளங்கள் அரபிக் கடலில், பல நாட்கள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் நம் பலநாள் படகுகளைச் சந்தித்துப் பொதிகளைக் கைமாற்றுகின்றன. இந்த இரண்டு பிடிப்புகளிலும் ஆயுதங்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஐந்து, ஐந்து. போருக்கு ஆயுதம் கடத்துவது போன்ற வேலை இதுவல்ல. போதைப்பொருள் வியாபாரத்தைக் காக்க, எதிராளியைத் தீர்க்க, நம்பிக்கையான கையாட்களுக்குக் கொடுக்கச் சிறுகச் சிறுக வருபவை இவை. கைத்துப்பாக்கிதான் இதற்கு ஏற்றது. ரி-56ஐ முச்சக்கரவண்டியில் மறைப்பது சிரமம், 9 மில்லிமீற்றரை இடுப்பில் செருகலாம். ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2020இல் வெளியிட்ட உலக ஆய்விலும், கைப்பற்றப்பட்ட ஆயுதங்களில் அதிகம் கைத்துப்பாக்கிகளே, சுமார் 39 வீதம்.

இந்தப் படகுகளில் போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிடிபட்டு இந்தியச் சிறைகளில் வருடக்கணக்கில் கிடப்பவர்கள் நீர்கொழும்பு, சிலாபம், தெற்குக் கரையோர ஊர்களின் கடல் தொழிலாளர்கள். எரிபொருள் விலையும் கடனும் கழுத்தை நெரிக்கும்போது ஒரு தடவைக்குப் பேசப்படும் கூலி அவர்களைப் போக வைக்கிறது. சரக்கின் சொந்தக்காரர் அந்தப் படகில் ஒருபோதும் ஏறுவதில்லை.

நடுக்கடலில் ஏன் இவற்றை எளிதாக மறிக்க முடிவதில்லை என்பதற்குச் சட்டத்திலும் காரணம் உண்டு. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 110ஆவது உறுப்புரை, ஆழ்கடலில் வேற்று நாட்டுக் கப்பலில் ஒரு போர்க்கப்பல் எப்போது ஏறிச் சோதிக்கலாம் என்று பட்டியலிடுகிறது. கடற்கொள்ளை, அடிமை வியாபாரம், அனுமதியற்ற வானொலி ஒலிபரப்பு, எந்த நாட்டுக் கொடியும் இல்லாத கப்பல், வேறு கொடி காட்டினாலும் உண்மையில் தன் நாட்டுக் கப்பல். ஆயுதக் கடத்தல் அதில் இல்லை. கொடி நாட்டின் சம்மதமோ ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தீர்மானமோ வேண்டும். கொடியில்லாத பாய்மர வள்ளம் என்றால் ஏறலாம். பனாமா கொடியோடு போகும் சரக்குக் கப்பல் என்றால் பனாமாவைக் கேட்க வேண்டும். புலிகளின் கப்பல்கள் வசதிக் கொடிகளின் கீழ், அதாவது உரிமையாளருக்குத் தொடர்பில்லாத நாடுகளில் பதிந்து, பெயரை மாற்றி மாற்றி, இடையிடையே சாதாரணச் சரக்கும் ஏற்றி ஓடியதற்கு இந்தச் சட்ட நிலையும் ஒரு காரணம். இலங்கைக் கொடி பறக்கும் பலநாள் படகை நம் கடற்படை ஆழ்கடலில் எங்கும் சோதிக்கலாம் என்பதால்தான் இப்போதைய பிடிப்புகள் பல அந்தப் படகுகளில் நடக்கின்றன. அந்தப் படகுகளின் நடமாட்டத்தைச் செய்மதி மூலம் கண்காணிக்கும் கருவிகள், ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் நம் மீனுக்குத் தடை போட்டதன் நெருக்கடியில் பரவலாகப் பொருத்தப்பட்டவை. மீன் ஏற்றுமதியைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு கடத்தல் விசாரணைக்கும் கைகொடுக்கிறது. கருவியை அணைத்துவிட்டுப் போகும் படகு, அணைத்த நேரத்தாலேயே சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

கொழும்புத் துறைமுகத்தில் சிக்கல் வேறு விதம். வருடத்துக்கு 70 இலட்சத்துக்கும் அதிகமான இருபதடிக் கொள்கலன் அலகுகள் இங்கே கையாளப்படுகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றப்படுபவை. அவை இலங்கைக்குள் வருவதில்லை, ஆகவே சாதாரணமாக யாரும் திறந்து பார்ப்பதுமில்லை. உள்ளே வருபவற்றிலும் எல்லாவற்றையும் திறந்தால் துறைமுகம் ஒரு நாளில் அடைபட்டுப் போகும். எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதைச் சரக்குப் பட்டியல், இறக்குமதியாளரின் வரலாறு, வந்த பாதை ஆகியவற்றை வைத்துச் சுங்கம் தீர்மானிக்கிறது. மறுபடியும் காகிதம்தான். 2025 ஜனவரியில் நெரிசலைக் குறைப்பதற்காக 323 கொள்கலன்கள் நேரடிப் பரிசோதனை இல்லாமல் விடுவிக்கப்பட்டது பெரிய சர்ச்சையானது. அவற்றுக்குள் ஆயுதம் வந்ததென்று பாராளுமன்றம் வரை பேசினார்கள். அதற்கு ஆதாரம் எதையும் யாரும் பொதுவில் வைத்ததை நான் காணவில்லை. ஆதாரமில்லாமல் ‘புலி ஆயுதம்’ என்று பேசுவது தமிழர்கள் மீது பழைய சந்தேகத்தைத் திரும்பவும் கிளறிவிடும் வேலை. அதைத் தமிழ் அரசியல்வாதி செய்தாலும் பாதிப்பு ஒன்றுதான். பரிசோதனையில்லாமல் விடுவிக்கும் முடிவில் யார் கையெழுத்திட்டார், எந்த விதியின் கீழ் என்பதுதான் இதில் கேட்க வேண்டிய கேள்வி.

தெற்கே காலித் துறைமுகத்துக்கு அப்பால் நடந்ததையும் சொல்லாமல் இந்த விடயம் முழுமையாகாது. சோமாலியக் கடற்கொள்ளையர் தொல்லை 2008க்குப் பிறகு உச்சத்துக்குப் போனபோது சரக்குக் கப்பல்கள் ஆயுதம் தாங்கிய தனியார் காவலர்களை ஏற்றத் தொடங்கின. கப்பல் ஆபத்தான பகுதியைத் தாண்டியதும் காவலர் இறங்க வேண்டும். ஆனால் பெரும்பாலான நாடுகள் அவர்களின் துப்பாக்கிகளைத் தம் துறைமுகத்துக்குள் விடுவதில்லை. இதற்கு வழியாகச் செங்கடல், ஓமான் வளைகுடா, காலி ஆகிய இடங்களுக்கு அருகே கப்பல்களையே ஆயுதக் களஞ்சியமாக நிறுத்தி வைத்தார்கள். இலங்கையில் பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த ரக்ன ஆரக்ஷக லங்கா நிறுவனமும் அவன்ட் கார்ட் என்ற தனியார் நிறுவனமும் இணைந்து இதை நடத்தின. 2015 ஜனவரியில் காலியில் நின்ற ‘மஹநுவர’ கப்பலில் 3,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இருப்பது வெளியே வந்தது. அதே வருடம் ஒக்டோபரில் ‘அவன்ட் கார்ட்’ கப்பல் 800க்கும் அதிகமான ஆயுதங்களோடு தடுத்து நிறுத்தப்பட்டது. நவம்பரில் ஓர் அமைச்சர் பதவி விலகினார், அந்தப் பணி கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டபூர்வமா இல்லையா என்று நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் வாதாடினார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, இராணுவ வகைத் துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கில் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அவற்றின் வரவு செலவுக் கணக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே தெரிந்திருந்தது என்பது.

பிடிபட்ட துவக்கு ஒன்றிலிருந்து பின்னோக்கிப் போக முடியுமா? முடியும். ரி-56இன் இரும்புடலில் தொழிற்சாலை அடையாளமும் இலக்கமும் பொறித்திருக்கும். பலவற்றில் முக்கோணத்துக்குள் 66 என்ற எண்ணைப் பார்க்கலாம். களஞ்சியத்திலிருந்து போன துவக்கின் இலக்கத்தை முதல் வேலையாக அரத்தால் ராவி அழிப்பார்கள். இலக்கம் பொறிக்கும்போது அச்சு விழுந்த இடத்தில் இரும்பு ஆழமாக நெரிந்திருக்கும். மேலே தெரிந்த எழுத்து போனாலும் அடியில் நெரிந்த உலோகம் எஞ்சும். ஆய்வுகூடத்தில் அந்த இடத்தைப் பளபளப்பாகத் தேய்த்து அமிலக் கரைசலைப் பூசினால், நெரிந்த இடமும் நெரியாத இடமும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்பட்டு இலக்கம் மங்கலாக மேலெழும். மிக ஆழமாக ராவியிருந்தால் வராது. வெற்று ரவைக்கோதில் ஊசி அடித்த தடத்தை ஒப்பிட்டு, இரண்டு கொலைகளுக்கும் ஒரே துவக்கா என்று அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தால் சொல்ல முடியும். ஆனால் மீட்டெடுத்த இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பதிவேடு இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் ‘போரில் இழந்தது’ என்று ஒரே வரியில் எழுதி மூடியிருந்தால் விசாரணை அந்த வரியோடு நின்றுவிடும். 30 வருடப் போரில் உண்மையாகவே இழந்ததும், இழந்ததாக எழுதப்பட்டதும் ஒரே வரிக்குள் கிடக்கின்றன.

நம்முடைய சட்டம் கடைசிக் கையைத்தான் பிடிக்கிறது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தை 1996இல் கடுமையாக்கினார்கள். தன்னியக்கத் துப்பாக்கி வைத்திருந்ததற்காக ஆயுள் தண்டனை பெற்றவர்கள் இருக்கிறார்கள். சந்திலே அகப்படும் இருபது வயதுப் பையனுக்கு ஆயுள் தண்டனை. அந்தத் துவக்கைக் களஞ்சியத்திலிருந்து வெளியே விட்டவர் பெரும்பாலான வழக்குகளில் விசாரணைக்கே வருவதில்லை. கொழும்பு வடக்கில் ‘தோட்டம்’ எனப்படும் நெரிசலான குடியிருப்புகளில் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாருக்கு இது சட்ட நுணுக்கம் அல்ல. சுட்டவனும் சுடப்பட்டவனும் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாக இருந்த சம்பவங்கள் அங்கே உண்டு.

சர்வதேச அரங்கில் இலங்கைக்கு இந்த விடயத்தில் ஒரு பெயர் இருந்தது. சின்னரக ஆயுதங்கள் தொடர்பான 2001ஆம் ஆண்டு ஐ.நா. செயற்றிட்டத்தை மீளாய்வு செய்ய 2006இல் நியூயோர்க்கில் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் தூதுவர் பிரசாத் காரியவசம். அந்த மாநாடு இறுதி ஆவணம் இல்லாமலே முடிந்தது. 2013 ஏப்ரல் 2ஆம் திகதி ஆயுத வர்த்தக உடன்படிக்கை ஐ.நா. பொதுச் சபையில் 154 வாக்குகளோடு நிறைவேறியபோது, வாக்களிக்காமல் ஒதுங்கிய 23 நாடுகளில் இலங்கையும் இருந்தது, இந்தியாவும் இருந்தது. நாம் இன்னும் அதில் இணையவில்லை. அதன் 11ஆவது உறுப்புரை முழுக்க முழுக்க ஆயுதம் வழிமாறிப் போவதைத் தடுப்பது பற்றியது. 12ஆவது உறுப்புரை ஏற்றுமதிப் பதிவேடுகளைக் குறைந்தது 10 வருடங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. பெய்ராவில் ஏற்றப்பட்ட சரக்கை இழந்த நாடு, இந்த இரண்டு உறுப்புரைகளுக்கும் முதல் ஆளாகக் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

உள்நாட்டில் செய்யக்கூடியது அதைவிட எளிது. தற்பாதுகாப்புக்கென அனுமதி கொடுத்த துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிப் பாதுகாப்பு அமைச்சு 2024 நவம்பரில் காலக்கெடு விதித்தது. தனியாரிடம் இருப்பதைத் திரும்ப வாங்கி எண்ண முடியும் என்றால், இராணுவம், பொலிஸ், சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆகியவற்றின் களஞ்சியங்களையும், அரசியல்வாதிகளுக்கும் ஊர்காவற் படைக்கும் துணைக் குழுக்களுக்கும் ஒரு காலத்தில் கொடுத்தவற்றையும் எண்ண முடியும். கணக்காய்வாளர் நாயகத்தின் மேற்பார்வையில் அந்தக் கணக்கை எடுத்து, காணாமற்போன துவக்குகளின் இலக்கங்களை வருட வாரியாக, முகாம் வாரியாகப் பாராளுமன்றத்தில் வைக்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் சட்டம் தேசிய பாதுகாப்புக்கு விலக்களிக்கிறது என்பது உண்மை. கையில் இருக்கும் ஆயுதத்தின் எண்ணிக்கையை மறைக்க அந்த விலக்கைக் காட்டலாம். தொலைந்த துவக்கின் இலக்கத்தை மறைப்பதால் பாதுகாப்புப் பெறுகிறவர் அதைத் தொலைத்தவர் ஒருவரே.